கல்யாண வீடியோ டிவியில் ஓடவில்லை: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: மகளின் திருமணம் வேலூரில் நடந்தது. ஸ்டுடியோக்காரர் வீடியோவை 64 ஜிபி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். லேப்டாப்பில் எல்லாமே நன்றாக ஓடுகிறது. வீட்டு 43 அங்குல டிவியில் செருகினால், முகூர்த்த ஃபைல் ஓடவே மாட்டேன் என்கிறது. ரிசப்ஷன் ஃபைலில் படம் வருகிறது, சத்தம் இல்லை. அண்ணன் மகன் செல்போனில் எடுத்தவை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. போகப்போகப் பேச்சும் உதட்டோடு ஒட்டவில்லை. பள்ளிகொண்டாவில் மாமனார் வீட்டில் இருக்கும் பழைய டிவியோ பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று, பெரியவர்கள் வாழ்த்திப் பேசியதை என் மகன் தமிழில் அடித்து எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலாகப் போட்டான். அது கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் 'கன்வெர்ட்' பண்ணிவிடுங்கள் என்கிறார்கள். எதில் பண்ணுவது, எப்படி?
– வாசகி, குடியாத்தம்

பதில்: எல்லாவற்றையும் கன்வெர்ட் பண்ண வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை ஆறு தனித்தனிக் கோளாறுகள். அவற்றில் இரண்டுக்குப் படத்தைத் தொடவே தேவையில்லை. ஒவ்வொரு முறை மறுபடி என்கோட் செய்யும்போதும், அதாவது படத்தைப் பிரித்து மறுபடி சுருக்கும்போதும், படத்தின் தரம் கொஞ்சம் குறையும், குறைந்தது திரும்பி வராது. அதனால் கெட்டுப்போன இடம் எதுவோ அதை மட்டும் சரிசெய்வோம்.

முதல் வேலையாகப் பென்டிரைவில் உள்ளதை அப்படியே லேப்டாப்பிலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுத்து வையுங்கள். பென்டிரைவ் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் அல்ல. கீழே சொல்லும் எந்த வேலையையும் நகலில் செய்யுங்கள். மூலத்தைத் திறந்து பார்ப்பதோடு சரி.

லேப்டாப்பில் ஓடுவது டிவியில் ஓடாமல் போவதற்குக் காரணம் இதுதான். லேப்டாப்பில் விஎல்சி போன்ற பிளேயர், எந்த வகை வீடியோவாக இருந்தாலும் மென்பொருளாலேயே பிரித்துக் காட்டிவிடும். டிவியில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிப். அந்தச் சிப்புக்குத் தொழிற்சாலையில் எந்தெந்த வகை பழக்கப்படுத்தப்பட்டதோ அவை மட்டும்தான் ஓடும். ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எம்ஓவி, எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் வெறும் டப்பாவின் பெயர். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி ஒரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். டிவிக்கு டப்பாவும் தெரிய வேண்டும், உள்ளே இருக்கிற இரண்டும் தெரிய வேண்டும். ஃபைல் பெயரை எம்ஓவியிலிருந்து எம்பி4 என்று மாற்றி எழுதினால் உள்ளே எதுவும் மாறாது. பலர் இதைச் செய்துவிட்டு டிவியைக் குறை சொல்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை அதில் இழுத்துப் போட்டு, 'வியூ' மெனுவில் 'டெக்ஸ்ட்' தேர்ந்தெடுத்தால் முழு விவரமும் வரும். ஏழு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ பகுதியில் ஃபார்மட் (சுருக்கிய முறை), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்), குரோமா சப்சாம்ப்ளிங் (வண்ண விவரம் எவ்வளவு), ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்), ஃபிரேம் ரேட் மோடு (அந்த வேகம் சீரானதா, மாறுவதா), ஸ்கேன் டைப் (ஒவ்வொரு படமும் முழுதாகவா, வரி விட்டு வரியாகவா). ஆடியோ பகுதியில் ஃபார்மட். ஏறக்குறைய எந்த டிவியிலும் ஓடக்கூடிய விடை இதுதான்: ஏவிசி என்கிற எச்.264, 8 பிட், 4:2:0, நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம், கான்ஸ்டன்ட், ப்ரோக்ரசிவ், ஒலி ஏஏசி. இதிலிருந்து எந்த வரி விலகுகிறதோ அங்கேதான் உங்கள் கோளாறு.

முகூர்த்த ஃபைலுக்கு வருவோம். இன்றைய கேமராக்கள் பலவற்றில் 10 பிட், 4:2:2 முறையில் படம் பிடிக்கிறார்கள். வண்ணத்தைத் திருத்தும்போது பட்டுப்புடவையின் நிறமும் முகத்தின் நிறமும் நன்றாக வர அது உதவும். ஆனால் எடிட் முடிந்து ஃபைலாக வெளியே எடுக்கும்போதும் அதே அமைப்பில் விட்டுவிட்டால் வீட்டு டிவி திணறும். 4:2:2 வண்ண முறையைப் பெரும்பாலான டிவி சிப்புகள் பிரிக்காது. எச்.264 முறையில் 10 பிட் இருந்தாலும் அதே கதிதான். உங்கள் முகூர்த்த ஃபைலை மீடியாஇன்ஃபோவில் போட்டால் இந்த இரண்டில் ஒன்று தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டும் இல்லாமல் ஃபார்மட் வரியில் எச்இவிசி என்று இருந்தால், அது 2013-இல் வந்த எச்.265 முறை. அதற்கு முந்தைய டிவிகளுக்கு அது தெரியாது, பிறகு வந்த மலிவு டிவிகள் சிலவற்றுக்கும் தெரியாது.

இதற்குச் சிறந்த வழி வீட்டில் கன்வெர்ட் பண்ணுவது அல்ல. ஸ்டுடியோவையே மறுபடி எடுத்துத் தரக் கேட்பது. எடிட் செய்த ப்ராஜெக்ட் அவர்களிடம் இன்னும் இருக்கலாம். அதிலிருந்து நேரே டிவிக்கான ஃபைல் எடுத்தால் தரம் ஒருமுறைதான் குறையும். கொடுத்த ஃபைலை நீங்கள் மறுபடி சுருக்கினால் இரண்டு முறை குறையும். 'டிவியில் ஓடவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கும் புரியாது. இப்படி எழுதிக் கொடுங்கள்: எம்பி4, எச்.264, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, 8 பிட் 4:2:0, 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃபிரேம், ப்ரோக்ரசிவ், பிட்ரேட் 8 முதல் 10 எம்பிபிஎஸ், ஒலி ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ். எடிட்டிங் மென்பொருளில் இது ஒரே திரையில் மாற்றக்கூடிய விஷயம். ப்ராஜெக்டை அழிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் இடத்துக்காகப் பழைய முகூர்த்தங்களை அழித்துக்கொண்டே போவது ஸ்டுடியோக்களில் சகஜம்.

அது நடக்காத பட்சத்தில் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளை எடுங்கள். ஃபைலைத் திறந்ததும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற ப்ரீசெட்டைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு சிலவற்றை மாற்ற வேண்டும். 'சம்மரி'யில் ஃபார்மட் எம்பி4. 'வீடியோ' தாவலில் என்கோடர் 'எச்.264 (எக்ஸ்264)'. அதன் பக்கத்திலேயே '10-பிட்' என்று எழுதிய இன்னொன்று இருக்கும். அதை எடுத்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவீர்கள். ப்ரொஃபைல் 'ஹை', லெவல் 4.1, என்கோடர் ப்ரீசெட் 'மீடியம்'. தரத்துக்கான 'ஆர்எஃப்' எண் 20 வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். 18க்குக் கீழே போனால் அளவு ஊதுமே தவிர 43 அங்குலத் திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 24க்கு மேலே போனால் ஹோமப் புகை பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஃபிரேம் ரேட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுப்பதே வழக்கம். மண்டபத்து விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிவதால், வேறு கணக்கில் எடுத்தால் படம் சிமிட்டும். நான் சொன்ன ப்ரீசெட்டோ 30க்கு மேல் போகாமல் தடுக்கும். 50ஐ 30 ஆக்கும்போது ஃபிரேம்கள் ஒழுங்கில்லாமல் விழும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கேமரா நகரும் இடமெல்லாம் விட்டு விட்டு இழுக்கும். 50ஐ 25 ஆக்கினால் ஒன்று விட்டு ஒன்று போகும், அசைவு சீராக இருக்கும். அதனால் மூலம் 25 அல்லது 50 என்றால் 'ஃபிரேம் ரேட்' 25 என்று மாற்றி, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீடியாஇன்ஃபோவில் ஸ்கேன் டைப் 'இன்டர்லேஸ்டு' என்று இருந்தால் மட்டும் 'ஃபில்டர்ஸ்' தாவலில் 'டீஇன்டர்லேஸ்'ஐ 'டீகோம்ப்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். 'ஆடியோ'வில் ஏஏசி, ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ். அவ்வளவுதான்.

சாதாரண லேப்டாப்பில் இந்த வேலை, வீடியோ ஓடும் நேரமோ அதைவிடக் கூடுதலாகவோ பிடிக்கும். குடியாத்தம் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், மத்தியானம் ஆரம்பிக்காதீர்கள். சூடேறினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர வேலை நாலு மணி நேரமாகும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் மேஜையில், பின்பக்கம் ஒரு புத்தகம் கொடுத்து உயர்த்தி, ராத்திரி ஃபேனுக்குக் கீழே விட்டுவிடுங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். தானாகத் தூங்கிப்போகும் 'ஸ்லீப்' அமைப்பை நிறுத்தி வையுங்கள். பாதியில் அணைந்தால் பாதி வீடியோவாவது மிஞ்சும் என்று எண்ண வேண்டாம். எம்பி4 ஃபைலுக்கான அட்டவணை வேலை முடியும்போதுதான் எழுதப்படும். அது இல்லாத ஃபைலை எந்த பிளேயரும் திறக்காது.

ரிசப்ஷன் ஃபைல் எளிது. டிவியில் படம் வருகிறது என்றால் படத்தை டிவியின் சிப் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். ஒலி பிசிஎம் என்ற சுருக்காத வடிவில் எம்ஓவி டப்பாவுக்குள் இருக்கக்கூடும். கேமராவிலிருந்தும் எடிட்டிங்கிலிருந்தும் அப்படி வருவது சாதாரணம். இதை ஹேண்ட்பிரேக்கில் போடாதீர்கள். அது ஒலிக்காகப் படத்தையும் சேர்த்து மறுபடி சுருக்கிவிடும். 'அவிடெமக்ஸ்' என்ற மென்பொருளில் திறந்து, 'வீடியோ அவுட்புட்' என்பதைக் 'காப்பி' என்றே விட்டு, 'ஆடியோ அவுட்புட்'டில் ஏஏசி, 'அவுட்புட் ஃபார்மட்'டில் எம்பி4 மக்ஸர் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். படத்தின் ஒரு புள்ளிகூட மாறாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒலி டிடிஎஸ் என்று காட்டினாலும் இதே வைத்தியம்தான். அண்மை வருட டிவிகள் பலவற்றில் அந்த வகைக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

செல்போன் வீடியோக்களில் இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் வேர் வேறு. போனை எந்த நிலையில் பிடித்தாலும் உள்ளே படம் ஒரே கிடையில்தான் பதிவாகிறது. '90 பாகை திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு மட்டும் ஃபைலில் சேர்கிறது. லேப்டாப் அந்தக் குறிப்பைப் படிக்கிறது, உங்கள் டிவி படிக்கவில்லை. பேச்சு விலகுவதற்குக் காரணம் ஃபிரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்பது. வெளிச்சம் குறைந்தால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சீரான வேகம் என்று நம்பி ஓட்டும் டிவியில் நிமிடம் ஆக ஆக ஒலி விலகிக்கொண்டே போகும். இவற்றைப் படத்தோடு சேர்த்து என்கோட் செய்வதைத் தவிர வழியில்லை. ஹேண்ட்பிரேக்கில் மேலே சொன்ன அதே அமைப்பு, ஃபிரேம் ரேட் மட்டும் 30, 'கான்ஸ்டன்ட்'. 'ப்ரிவ்யூ'வில் படம் நிமிர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். படுத்தே இருந்தால் 'டைமென்ஷன்ஸ்' தாவலில் 'ரொட்டேஷன்' 90 அல்லது 270 கொடுத்துச் சரிபாருங்கள். நிமிர்த்தி எடுத்த வீடியோவுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். திரை நிறைய வேண்டுமென்று வெட்டினால் தலையோ காலோ போய்விடும், அப்படியே விடுங்கள். அண்ணன் மகனிடம் ஐபோன் என்றால், அடுத்த விசேஷத்துக்கு முன் கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' என்பதை 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்றும், எச்டிஆர் வீடியோவை ஆஃப் என்றும் வைக்கச் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே மிச்சமாகும்.

பள்ளிகொண்டா டிவி விஷயத்தில் வீடியோமேல் தப்பில்லை. 64 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பில் வரும். பழைய டிவிகளுக்குத் தெரிந்தது ஃபேட்32. விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் போட்டாலும் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வே வராது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். அந்த டிவிக்கென்று தனியாக 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கி, அதை ஃபேட்32 என்று ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். ஸ்டுடியோ கொடுத்த பென்டிரைவில் இதைச் செய்துவிடாதீர்கள்.

ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென்டிரைவ் காலியாக இருந்தாலும், ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி நகலெடுக்க மறுக்கும். எனவே கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும். கணக்கு எளிதுதான்: பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, நொடிகளால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். படத்துக்கு 6 எம்பிபிஎஸ், ஒலிக்கு 0.16, ஆக 6.16. ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி. 6.16 பெருக்கல் 3600, வகுத்தல் 8 என்றால் சுமார் 2,770 எம்பி. மூன்று மணி நேர முகூர்த்தம் முழுதாக 8.3 ஜிபி வரும், ஃபேட்32இல் ஏறாது. மணிக்கு ஒன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.8 ஜிபிக்குள் அடங்கும். இதற்கு ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப்க்குப் பதிலாக 'ஏவரேஜ் பிட்ரேட்' 6000 கொடுத்து, 'மல்ட்டி-பாஸ்'ஐ டிக் செய்யுங்கள். இருமுறை அலசும், நேரம் கூடும், ஆனால் அளவு சொன்னபடி நிற்கும். மேலே 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' தேர்ந்தெடுத்து, எங்கிருந்து எதுவரை என்று கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் வரும். சரியாக ஒரு மணி நேரத்தில் வெட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெண் அழைப்பு, காசி யாத்திரை, முகூர்த்தம் என்று சடங்கு முடிகிற இடம் பார்த்து வெட்டுங்கள். கெட்டிமேளம் ஒலிக்கும் நேரத்தில் ஃபைல் முடிந்து, பெரியவர் ரிமோட்டைத் தேடும்படி ஆகக் கூடாது.

ஃபைல் பெயர்களை 01, 02, 03 என்று ஆரம்பித்து ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில டிவிகளில் கட்டமாகத் தெரியும், சிலவற்றில் ஃபைலே திறக்காது. ஸ்டுடியோவில் மேக் கணினியிலிருந்து ஏற்றியிருந்தால், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் அதே பெயரில் கூடவே வந்திருக்கும். டிவி அவற்றையும் வீடியோ என்று எண்ணி 'ஓடாது' என்று காட்டும். சில கேபி அளவே உள்ள அவற்றை நகலிலிருந்து அழித்துவிடலாம்.

இனி தமிழ் எழுத்து. மகன் எடுத்த முயற்சி வீணாகக் கூடாது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, என்கோடிங் 'யுடிஎஃப்-8' என்று சேமித்து, வீடியோவின் அதே பெயரைக் கொடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் கட்டமாகவே வந்தால் அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்து வந்து, கொம்பும் கொக்கியும் இடம் மாறி நின்றால், எழுத்துரு இருக்கிறது, அதைச் சேர்த்து எழுதும் திறன் டிவிக்கு இல்லை. இந்த இரண்டையும் வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் எந்த டிவியிலும் வராது; முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

எனவே எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவதுதான் வழி. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் எஸ்ஆர்டியைத் திறந்து, எழுத்துருவும் அளவும் சேர்ந்தே பதிவாகும் ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஸ்டைலில் விண்டோஸின் 'நிர்மலா யுஐ' எழுத்துருவையும், பெரியவர் கண்ணுக்கு ஏற்ற பெரிய அளவையும் கொடுங்கள். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு இருக்கட்டும். பட்டுச் சேலையின் ஜரிகை மேல் வெறும் வெள்ளை எழுத்து விழுந்தால் காணாமல் போகும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் குறைந்தது நாலு நொடி நிற்கட்டும். பிறகு ஹேண்ட்பிரேக்கின் 'சப்டைட்டில்ஸ்' தாவலில் அந்த ஃபைலை 'இம்போர்ட்' செய்து, 'பர்ன் இன்' டிக் செய்யுங்கள். இப்படிப் பதித்த எழுத்தை அழிக்க முடியாது என்பதால் மாமனாருக்கென்று எடுக்கும் நகலில் மட்டும் செய்யுங்கள். அவருக்கு எப்படியும் தனி பென்டிரைவுக்காகத் தனி ஃபைல் எடுக்கத்தான் போகிறீர்கள். இரண்டு வேலையும் ஒரே ஓட்டத்தில் முடியும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கை நேரே டிவியில் செருகிப் பார்க்க நினைத்தால், 'எச்டிடி' என்று குறித்த யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தருவது கணக்கு. சுழலத் தொடங்கும் டிஸ்க்குக்கு அது போதாமல் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்று நின்று போகும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். உங்கள் மூலப் படம் இருக்கும் டிஸ்க் அது.

முழு முகூர்த்தத்தையும் ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிட்டு மறுநாள் பள்ளிகொண்டா போய் ஏமாற வேண்டாம். முதலில் 'ரேஞ்ச்' கொடுத்து இரண்டே நிமிடத் துண்டு ஒன்று எடுங்கள். தாலி கட்டி அட்சதை விழும் இடத்தை எடுங்கள். நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் ஒரே நேரத்தில் பறக்கும் அந்தக் காட்சிதான் என்கோடருக்கு மிகக் கடினமானது. அங்கே முகங்கள் கட்டம் கட்டமாக உடையாமல் இருந்தால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். உடைந்தால் 6000ஐ 8000 ஆக்குங்கள்; அப்போதும் ஒரு மணி நேரத் துண்டு சுமார் 3.7 ஜிபி, ஃபேட்32க்குள் அடங்கும். வாழ்த்துரை ஃபைலிலிருந்தும் எழுத்து பதித்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்று எடுங்கள். லேப்டாப்பில் 'எஜெக்ட்' கொடுத்த பிறகு பென்டிரைவைக் கழற்றி, மாமனார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். அந்தத் தூரத்திலிருந்து எழுத்தைப் படிக்க முடிகிறது என்று அவர் சொன்ன பிறகு மீதியை ஓடவிடலாம்.